ஆவுடையாள் வண்டியும் செங்கோடன் பறையும்

வெகுகாலத்துக்கு முன்னே, கரும்பாறை நாட்டை வில்லவராயன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்கிற ராஜா. காலையில் ஒரு தீர்ப்பு, சாப்பாட்டுக்குப் பிறகு வேறொரு தீர்ப்பு.

அவனுடைய சபையில் செங்கோடன் என்று ஒருவன். மாட்டு வண்டிகளுக்கு இருசு செய்து விற்பவன். இருசு என்றால், வண்டிக்கு அடியில் இரண்டு சக்கரங்களையும் தாங்குகிற அச்சு. வெளியே தெரியாது, அது இல்லாமல் வண்டி நகராது. அவனிடம் அதிகமாக இருசு வாங்கியவள் ஆவுடையாள், நாட்டிலேயே பெரிய வண்டிப் பட்டறைக்காரி. பதினைந்து வருஷம் செங்கோடன் ஊர் ஊராகப் பறையடித்தான்: "ஆவுடையாள் வண்டி போல் வண்டி உண்டா? உள்ளே இருப்பது நம்ம இருசு!"

ஆவுடையாளோ மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணே, மலை ஏறினால் இருசு புகைகிறது. கொஞ்சம் சரிசெய்து கொடுங்கள்."

"கொடுப்பதை வாங்கி வண்டியில் மாட்டிக்கொள் அம்மா. என்னை விட்டால் உனக்கு யார் இருக்கிறார்கள்?"

யாரும் இல்லைதான். அதனால் அவளே உலை மூட்டி, கொல்லர்களோடு பாடுபட்டு, சொந்தமாக இருசு செய்துகொண்டாள். "இனி வேண்டாம் அண்ணே" என்று மரியாதையாகச் சொல்லியும் அனுப்பினாள்.

வாங்குபவள் விலகினால், விற்பவன் தன் பொருளைத்தானே முதலில் பார்க்க வேண்டும்? நம் ஆள் பறையைப் பார்த்தான். அதே பறை, அதை அடிக்க அதே கூலியாள் சடையன். பாட்டு மட்டும் மாறிவிட்டது. "ஆவுடையாள் வண்டி ஆகாத வண்டி! மூட்டை ஏற்றினால் முனகும்! மேட்டைக் கண்டால் நிற்கும்!"

ராஜா காதிலும் விழுந்தது. ஆவுடையாளைக் கூப்பிட்டு, "என்ன இது? ஊரே சொல்கிறதே!" என்றான்.

"ஊர் சொல்லவில்லை மகாராஜா. இவர் கூலி கொடுத்த பறை சொல்கிறது. போன வருஷம் வரை இதே பறை என் வண்டியைத் தலையில் தூக்கி வைத்து ஆடியதே, அப்போது இவர் சொன்னது பொய்யா?"

செங்கோடன் எழுந்தான். "சபையில் எதிர்வாதம் பேசுகிறாள், பாருங்கள் மகாராஜா! நாளைக்கு ராணியம்மா இவள் வண்டியில் மலையேறும்போது ஏதாவது ஆகிவிட்டால்?"

அவன்தான் கடைசியாகப் பேசினான். ராஜா சாய்ந்துவிட்டான். "மூடு அந்தப் பட்டறையை!"

அந்தப் பட்டறையை நம்பி அறுபது குடும்பங்கள்.

மந்திரி மருதவாணர் இருமினார். "நல்ல தீர்ப்பு மகாராஜா. ஆனால் நம் வழக்கம் ஒன்று இருக்கிறது. மூன்று நாளில் நாற்பது ஊரிலும் பறை அறைந்து, நாலாம் நாள் காலை மலைக்கோட்டை வாசலில் முடித்தால்தான் அது அரச ஆணை. தவறினால் செல்லாது."

"நானே செய்கிறேன்!" என்று துள்ளினான் செங்கோடன். "என் ஆள், என் பறை!"

"ரொம்ப சந்தோஷம்" என்றார் மந்திரி.

நாலாம் நாள் காலை. கோட்டை வாசலில் ராஜா, சபை, ஊர்ஜனம். ஆவுடையாள் மலைப்பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வராது, வராது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வந்துவிட்டது. டமடமவென்று பறை முழங்க, மூச்சு வாங்காமல் ஏறி வந்தது சடையனின் வண்டி.

"நேரத்துக்கு வந்தாயிற்று! ஆணை செல்லும்!" என்று செங்கோடன் கைதட்டினான்.

"செல்லும், செல்லும்" என்றார் மந்திரி. "ஏனப்பா சடையா, நாற்பது ஊரையும் மூன்றே நாளில் முடித்தாயே, அபார வண்டி! யாருடையது?"

சடையன் தலையைச் சொறிந்தான். "எங்க ஐயா வண்டிதான் சாமி, முதல்ல. நாலாவது ஊர்லயே இருசு புகைஞ்சு ஒடிஞ்சுபோச்சு. எப்படியாவது நேரத்துக்கு வந்து சேருன்னு ஐயா கண்டிப்பாச் சொல்லியிருந்தாரு. சந்தையில, மலை ஏறுற வண்டி எதுன்னு விசாரிச்சேன். எல்லாரும் இதைத்தான் காட்டுனாங்க."

மந்திரி குனிந்து இருசைக் காட்டினார். ஆவுடையாள் பட்டறையின் முத்திரை.

சபையே குனிந்து பார்த்தது. பிறகு ராஜா சிரிக்க ஆரம்பித்தான். "அடப்பாவி! மேட்டைக் கண்டால் நிற்கும் என்று பாடிக்கொண்டே இந்த வண்டியிலா மேடு ஏறினாய்?"

"பாட்டு ஐயா கொடுத்தது, மகாராஜா. வண்டி நான் பார்த்து எடுத்தது."

பட்டறையை மூடும் ஆணையை ராஜா அங்கேயே கிழித்தான். ராணியின் பயண வண்டிகளை ஆவுடையாளே செய்யட்டும் என்றான். "இவன் பட்டறையை மூடிவிடலாமா?" என்று செங்கோடன் பக்கம் திரும்பினான்.

"வேண்டாம் மகாராஜா" என்றாள் ஆவுடையாள். "அங்கேயும் கொல்லர்களுக்குக் குடும்பம் இருக்கிறது. பறையடிக்கிற நேரத்தில் உலை ஊதச் சொல்லுங்கள், போதும்."

"அப்படியே ஆகட்டும்! ஒரு வருஷத்துக்கு உன் பறை என் அரண்மனையில் இருக்கும், செங்கோடா."

கூட்டம் கலைந்தது. செங்கோடன் மட்டும் நின்றான். பிறகு சால்வையைக் கழற்றி வைத்துவிட்டு, சடையன் வந்த வண்டிக்கு அடியில் ஊர்ந்து போனான். வெகுநேரம் வெளியே வரவில்லை.

அடுத்த அறுவடைக்குள் அவன் பட்டறையிலிருந்து ஒரு புது இருசு வந்தது. சத்தமில்லாமல் வந்தது. ஆவுடையாள் அதை வாங்கவில்லை. ஆனால் கையில் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே அண்ணே!" என்றாள்.

அன்றைக்கு முழுக்க செங்கோடனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.