மஞ்சள் பட்ட விரல்

வண்டிகளின் ரேடியேட்டர் ஓட்டையை ஈயம் வைத்து ஒட்டும் தவமணிக்கு வயது முப்பத்திரண்டு. அவளிடம் தொழில் கற்க வந்த பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்தொன்று. அவர் ஓட்டிய விசைத்தறிகள் பழைய இரும்பாக விலைபோன பிறகு, மலையடிவாரத்தில் இருந்த அவளுடைய பட்டறைக்கு வந்தார். அவள் அவரை அண்ணா என்பாள். அவர் அவளை மேஸ்திரி என்பார்.

வந்து ஏழு மாதம் ஆகியும் ஈயம் உருக்கும் சூட்டுக்கோலைத் தொடப் பயந்தார். அன்று காலை கேட்டே விட்டார்.

"மேஸ்திரி, இந்தப் பயம் எப்பங்க போகும்?"

"அந்த டிராக்டரை முடிங்கண்ணா. அப்புறம் பேசலாம்."

நாற்பது வருடத்து டிராக்டர். ரேடியேட்டரில் கடுகளவு ஓட்டை. கழற்றி, வாய்களை அடைத்து, காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். குமிழி வந்த இடத்தைக் குறித்துக்கொண்டார். தகடு கெட்டுவிடுமோ என்று பயந்து சூட்டைக் குறைத்துப் பற்றவைத்தார். ஈயம் பிடிக்காமல் மேலாக உட்கார்ந்தது. மறுபடி அமுக்கினார். இருபது எண்ணுவதற்குள் ஒரு குமிழி.

ஏற்கெனவே இரண்டு வண்டிகள் அவர் ஒட்டியது ஒழுகித் திரும்பி வந்திருந்தன. மூன்றாவதையும் எந்த மேஸ்திரி பொறுப்பாள்? இந்த வயதில் இன்னொரு வாசலில் போய் நிற்க முடியாது.

தவமணி வெளியே போயிருந்தாள். பொன்னுரங்கம் ரேடியேட்டரைப் பூட்டித் தண்ணீர் ஊற்றினார். நடுவழியில் லாரிக்காரர்கள் அவசரத்துக்குச் செய்வதைப்போல, மளிகைக் கடையில் வாங்கிய மஞ்சள்தூளை இரண்டு கை அள்ளி உள்ளே போட்டார். என்ஜின் சூடேறியதும் தூள் ஊறி ஓட்டையை அடைத்தது. சொட்டு நின்றது. விரல்களைத் துணியால் தேய்த்தார். மஞ்சள் போகவில்லை.

"ஒழுக்கு நின்னுருச்சுங்களாண்ணா?" தவமணி வந்து கேட்டாள்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நின்னுருச்சுங்க."

அது பொய்யில்லை.

டிராக்டர்க்காரர் நாச்சிமுத்து வந்தார். வண்டி உழவுக்குப் போகும் என்றுதான் பொன்னுரங்கம் நினைத்திருந்தார். நாச்சிமுத்து அதைப் பின்னால் எடுத்து, தெருவில் நின்ற ட்ரெய்லரோடு கோத்தார். ட்ரெய்லரில் வைக்கோல் பரப்பி இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கைக்குழந்தை. மலைக்கோயிலில் அதற்குக் காதுகுத்து.

மலைப்பாதையில் ஒன்பது வளைவுகள். பாதி ஏற்றத்தில் அடைப்பு விட்டு, தண்ணீர் குறைந்து கொதித்து என்ஜின் இறுகிவிட்டால், ட்ரெய்லர் கீழே இழுக்கும். பொன்னுரங்கம் நின்ற இடத்திலேயே நின்றார்.

அப்போது தவமணி ட்ரெய்லரில் ஏறினாள்.

"நானும் கோயில் வரைக்கும் வர்றேன். கொஞ்சம் நகருங்க. பாப்பாவை இப்படிக் குடுங்க."

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். பொன்னுரங்கத்தைப் பார்க்கவில்லை. நாச்சிமுத்து கியர் போட்டார். சக்கரம் ஒரு சுற்று உருண்டது.

எப்படி ஓடினார் என்று பொன்னுரங்கத்துக்கே தெரியாது. என்ஜினை நிறுத்தும் கம்பியைப் பிடித்து இழுத்தார். வண்டி குலுங்கி நின்றது.

"என்னய்யா ஆச்சு உனக்கு?"

"நான் சரியா ஒட்டலீங்க. மஞ்சத்தூள் போட்டு அடைச்சிருக்கேன்."

நாச்சிமுத்து சிரித்தார். "இவ்வளவுதானா? நானே நாலு தடவை போட்டிருக்கேன். கையை எடு, பன்னெண்டோட நல்ல நேரம் முடியுது."

"அது சமதரையில தாங்குமுங்க. மலை ஏத்தத்துல தாங்காது."

"முன்னாடியே சொல்லியிருந்தா பருப்பும் கொண்டாந்திருப்போம்," என்றாள் ட்ரெய்லரில் ஒருத்தி. "போற வழியில சாம்பாரே ஆயிருக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். பொன்னுரங்கம் கம்பியை விடவில்லை.

தவமணி குழந்தையைக் கொடுத்துவிட்டு இறங்கினாள். "தொட்டியில தண்ணி புடிங்கண்ணா," என்றாள். அவ்வளவுதான்.

பொன்னுரங்கம் ரேடியேட்டரைத் திறந்துவிட்டதும் மஞ்சள் தண்ணீர் தெருவரை ஓடியது. அதைக் கழற்றி உள்ளே அலசிவிட்டு, பழைய ஈயத்தைச் சுரண்டி எடுத்தார். இந்த முறை சூட்டைக் குறைக்கவில்லை. ஈயம் உருகி ஓடிப் பிடித்தது. தொட்டியில் அமுக்கி இருநூறு வரை எண்ணினார். ஒரு குமிழி இல்லை. இன்னொரு இருநூறு எண்ணினார். நாச்சிமுத்து சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மாலை நல்ல நேரத்துக்குப் புறப்பட்டார்.

வண்டி முதல் வளைவில் மறைந்தது. சத்தம் மட்டும் கேட்டது.

"தெரிஞ்சேதான் ஏறினீங்களா மேஸ்திரி?"

"கையைப் பின்னால கட்டிக்கிட்டா மஞ்சள் தெரியாதுங்களா?"

"நான் நிறுத்தாம இருந்திருந்தா?"

"தெருமுனையில நானே நிறுத்தியிருப்பேன்." தவமணி சூட்டுக்கோலைத் துடைத்து வைத்தாள். "காலையில ஒண்ணு கேட்டீங்களே. பயம் போயிருச்சுங்களா?"

"இல்லீங்க. கூடியிருக்கு."

"காலையில யாருக்குப் பயந்தீங்க?"

"உங்களுக்குத்தான்."

"இப்ப?"

மலைமேல் அந்த இருபது பேரோடும் குழந்தையோடும் வண்டி இரண்டாவது வளைவைத் திணறி ஏறும் சத்தம் வந்தது. பொன்னுரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.