ஐந்து ஊர்களின் ஒரே நாற்காலி

கிரீச், கிரீச் என்ற சத்தம்தான் முதலில் வந்தது. அப்புறம் டெம்போவின் பின்கதவு திறந்தது. அதற்கும் அப்புறம்தான் நாற்காலி கண்ணில் பட்டது.

வறண்ட வட்டாரம் ஒன்றில் ஐந்து அரசு சுகாதார நிலையங்கள் இருந்தன. ஐந்துக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு சக்கர நாற்காலி. வருடம் முழுவதும் அது வட்டார ஸ்டோரில் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கும். இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் கிழித்ததில்லை. மாவட்டத்து அதிகாரி அம்மா ஆய்வுக்கு வரும் நாளில் மட்டும் அதற்கு ஓயாத வேலை.

ஏற்பாடு எளிமையானது. அதிகாரியின் ஜீப் வருமுன் நாற்காலி நிலையத்தில் இறங்கி நிற்கும். அவர் பார்ப்பார். ஜீப்பில் தன்னோடு கொண்டுவரும் ஆய்வுப் பதிவேட்டில் 'சக்கர நாற்காலி: உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். உடனே இளநீர் வெட்டித் தருவார்கள். அவர் வழுக்கையை வழித்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் டெம்போ குறுக்குப் பாதையில் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இதில் கைதேர்ந்தவர் சுகாதார ஆய்வாளர் நாச்சிமுத்து. எந்தத் தோப்பு இளநீரில் வழுக்கை கெட்டியாக இருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

அன்றைக்கும் முதல் ஊரில் எல்லாம் முறைப்படி நடந்தது. இரண்டாம் ஊரில், மேசைமேல் கிடந்த பதிவேடு நாற்காலியை ஏற இறங்கப் பார்த்தது.

"உன் இடது சக்கரமும் கத்துகிறது. முதல் ஊர் நாற்காலிக்கும் இடது சக்கரம்தான். 'எண்ணெய் விடவும்' என்று இரண்டு இடத்திலும் எழுதியாயிற்று. தொற்று வியாதியாக இருக்கலாம்."

"ஐயா, அதுவும் நான்தான், இதுவும் நான்தான்," என்றது நாற்காலி.

"அது உன் அபிப்பிராயம். என்னிடம் நீங்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள். சாயங்காலத்துக்குள் ஐந்து பேர் ஆகிவிடுவீர்கள்."

"நான் தேய்ந்துதான் போகிறேன், பெருகவில்லையே."

எழுதப்படாத எதற்கும் பதிவேடு பதில் சொல்வதில்லை.

மூன்றாவது ஊர் வேப்பங்காட்டூர். அங்கே செவிலியர் பூங்கொடி கட்டுத்துணியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். டெம்போவிலிருந்து நாற்காலி இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஓடிவந்தார். அவர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஆய்வு நாளின் சூட்சுமம் யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று முறை எழுதிக் கேட்ட நாற்காலி கடைசியில் வந்துவிட்டது என்று அவர் நினைத்தார்.

அதே நேரம் வாசல் சரளைக்கல் பாதையில் மயிலாத்தாள் வந்துகொண்டிருந்தாள். முதுகில் அவள் புருஷன் ராக்கியண்ணன். தென்னையிலிருந்து விழுந்து இரண்டு வருடமாக அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வாரம் ஒருமுறை படுக்கைப்புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து கட்டுப்போடும் அறைவரை அவள்தான் சுமப்பாள். போன வாரம் வழியில் ஒருதரம் கால் மடங்கி இரண்டு பேருமே விழுந்தார்கள். "இன்னொருக்கா உழுந்தா நான் எந்திரிக்க மாட்டேனுங்க, அம்மணி," என்று பூங்கொடியிடம் அவள் சொல்லியிருந்தாள்.

பூங்கொடி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எதிரே போனார். பிளாஸ்டிக் உறையைக் கிழித்து எறிந்தார். ராக்கியண்ணனை உட்காரவைத்து இடுப்பு வாரை மாட்டினார்.

நாற்காலிக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆள் கனம் என்றால் இதுவா என்று நினைத்தது.

"அண்ணே, எனக்குக் கூச்சமா இருக்கு," என்றது இடுப்பு வார். அதன் கொக்கியை யாரும் அதுவரை மாட்டியதில்லை.

"கூச்சப்படாதே. பிடித்த பிடியை மட்டும் விடாதே," என்றது நாற்காலி.

"எதுவரைக்கும்?"

"நான் சொல்கிற வரைக்கும்."

இரண்டாம் ஊர் இளநீரில் வழுக்கையே இல்லை. அதனால் ஜீப் சீக்கிரமாகவே வந்துவிட்டது. அதிகாரி அம்மா நாற்காலியையும் அதில் ஆள் இருப்பதையும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. 'உண்டு, பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, மருந்துக் கணக்குக் காட்டப் பூங்கொடியையும் கூட்டிக்கொண்டு உள்ளே இளநீர் குடிக்கப் போனார்.

நாச்சிமுத்து வேர்த்து வழிந்து வந்தார். "ஏனுங்க, கொஞ்சம் எறங்குங்க. நாற்காலி அடுத்த ஊருக்குப் போவோணும்."

"எறக்கிவிட்டா எறங்கறேனுங்க. நானா எறங்க முடிஞ்சா இதுல எதுக்கு உக்காரப் போறேன்?" என்றார் ராக்கியண்ணன்.

நாச்சிமுத்து கொக்கியை இழுத்தார், திருகினார், பல்லால்கூடக் கடித்துப் பார்த்தார். கொக்கி அசையவில்லை.

"சிரிப்பு வருது அண்ணே," என்று முனகியது வார்.

"சிரித்தால் கழன்றுவிடுவாய். அடக்கிக்கொள்."

ஜன்னல் வழியே பார்த்தால் அதிகாரி வழுக்கைக்கு வந்துவிட்டார். நாச்சிமுத்துவுக்கு வேறு வழி தெரியவில்லை. நாற்காலியை ஆளோடு சேர்த்து டெம்போவில் ஏற்றச் சொன்னார். "என்ர ஊட்டுக்காரரை எங்கீங்க தூக்கீட்டுப் போறீங்க?" என்று மயிலாத்தாளும் ஏறிக்கொண்டாள்.

"உடு புள்ள. ரெண்டு வருசத்துல ஆசுபத்திரியத் தவுத்து எங்க போனோம்? நாலு ஊரு பாத்துட்டு வரலாம்," என்றார் ராக்கியண்ணன்.

நான்காம் ஊரில் அதிகாரி அம்மா அவர் முன்னால் நின்றார்.

"உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே."

"ஆமாங்க டாக்டரம்மா. போன ஆசுபத்திரில."

நாச்சிமுத்து இருமினார். அதிகாரி ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் இளநீர் வந்தது. இந்தமுறை அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் குடிக்காமலே நின்றார். அப்புறம் கையெழுத்திட்டார்.

ஐந்தாம் ஊரில் அவர் மற்ற எதையும் பார்க்கவில்லை. நேராக நாற்காலியிடம் வந்தார்.

"இங்கேயும் வந்துட்டீங்களா?"

"நானா வரலீங்க. கொண்டாந்தாங்க."

அதிகாரி நாச்சிமுத்துவைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். "மேடம், எல்லா நிலையத்துலயும் இருக்கணும்னு மேலே இருந்து உத்தரவு. இருக்குதுன்னு காட்டினாத்தான் நம்மள உடுவாங்க. உங்களுக்கே தெரியும்," என்றார் மெதுவாக.

அதிகாரிக்கும் தெரிந்துதான் இருந்தது. போன ஆய்விலும் அதே இடது சக்கரம்தான் கத்தியது.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றார் ராக்கியண்ணன். "எங்கூர்ல நாற்காலி இருக்குதுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுட்டீங்க. அதை அங்கிருந்து எடுத்துட்டுப் போனா அது களவுதானுங்களே. என்னையும் சேத்துக் களவாண்டு வந்திருக்காரு இவரு."

மயிலாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. "இது வேப்பங்காட்டூருக்கே போகட்டும். அங்கேயே இருக்கட்டும்," என்றார்.

"அப்ப மத்த நாலு ஊரு?" என்றாள் மயிலாத்தாள். முதுகில் சுமந்தவளுக்குத்தான் அதைக் கேட்கத் தோன்றியது.

அதிகாரி பதிவேட்டைத் திறந்தார். பேனா முனை 'உண்டு' என்ற சொல்லின்மேல் வந்து நின்றது. அடித்தால் ஏன் அடித்தாய் என்று கேட்பார்கள். போன வருடத்துப் பக்கங்களையும் புரட்டுவார்கள். பேனா மூடிக்கொண்டது.

"பார்த்தாயா?" என்றது பதிவேடு. "நீ ஓர் ஊரில் தங்கிவிடலாம். அதனால் மற்ற ஊர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அங்கேயும் நாற்காலிகள் இருக்கின்றன."

"எங்கே இருக்கின்றன?" என்றது நாற்காலி.

"என்னிடம். பக்கம் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துநாலு, முப்பத்தைந்து."

"அதில் ஒரு ஆளை உட்காரவைத்துத் தள்ளு, பார்க்கலாம்."

பதிவேடு ஜீப்பில் ஏறிப் போய்விட்டது.

திரும்பும் வழியில் டெம்போ நான்காம் ஊரின் வழியாகத்தான் வந்தது. சுகாதார நிலைய வாசலில் ஒருவன் தன் தாயைக் கைகளில் ஏந்திக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தான். டெம்போ நிற்கவில்லை. நாற்காலிக்குத் திரும்பிப் பார்க்கக் கழுத்தில்லை.

"ஜெயிச்சுட்டோம்தானே அண்ணே?" என்றது வார்.

"இவர் மட்டும் ஜெயித்தார்."

"அப்ப நான் விடட்டுமா?"

"ஊர் வரட்டும்."

வேப்பங்காட்டூரில் வெயில் சாய்ந்திருந்தது. பூங்கொடி பணி நேரம் முடிந்தும் கிளம்பாமல் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் கை பட்டதும் கொக்கி தானாகக் கழன்றது. நாளெல்லாம் உட்கார்ந்ததில் புண் கசிந்து ராக்கியண்ணனின் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. ஐந்து நிலையங்களின் ஆய்வும் முடிந்துவிட்டது. மாற்ற வந்த கட்டு மட்டும் இன்னும் மாற்றப்படவில்லை.

பூங்கொடி அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். கையைக் கழுவினார். மேசைமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து, பாதியில் விட்ட துணியை வெட்டத் தொடங்கினார்.