பொறியாளர் உட்கார்ந்த மரம்

புயல் எச்சரிக்கை வந்த காலையில், கடைத்தெருவில் நிற்கும் இருபத்திரண்டு வேப்பமரங்களையும் வெட்டச் சொல்லிவிட்டார் நகராட்சிப் பொறியாளர் ராஜரத்தினம். போன வாரம் ஒரு வேப்பங்கிளை முறிந்து ஒருவருக்கு மண்டை உடைந்திருந்தது. இன்னொன்று விழுந்தால் அவர் வேலைக்கே ஆபத்து.

பூங்காவில் தினக்கூலிக்கு இருந்த வேலாயி முன்னே வந்து சொன்னாள். "பட்ட கிளையை மட்டும் கழிச்சாப் போதும்யா. நம்ம ஆபீஸ் வாசல்ல நிக்குதே தூங்குமூஞ்சி மரம், அதுதான் விழும். அடியில கடப்பாரை ஒரு முழம் உள்ளே போகுது."

அதன் நிழலில்தான் அவர் கார் நிற்கும். "எந்த வேம்பும் விழாதுன்னு எழுதித் தர்றியா?" என்று அதட்டினார்.

"எழுதத் தெரியாதுங்கய்யா. நான் எதிர்த்தாப்புல நிக்கிற வேம்புக்கு அடியில உட்கார்றேன். ஐயா தூங்குமூஞ்சிக்கு அடியில உட்காருங்க. காத்தடிச்சா யாரு முதல்ல எழுந்திரிக்கிறோம்னு பார்ப்போம்."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் அவர் நாற்காலி போடச் சொன்னார்.

மதியம் காற்று வலுத்தது. தலைக்கு மேல் வேப்பங்கிளைகள் சுழல, வேலாயி உட்கார்ந்தபடியே அடிமரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். எதிரே தூங்குமூஞ்சி நறநறவென்றது. வேர்ப்பக்கம் மண் விம்மி எழுந்தது. பொறியாளர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

காற்று தணிந்ததும், சாய்ந்து நின்ற மரத்தைக் கிரேன் வைத்து இறக்கியபோது அடிமரம் வெறும் கூடாக இருந்தது. வேம்புகளில் பட்ட கிளைகளை மட்டும் கழிக்கச் சொல்லிவிட்டு, இன்னும் வேம்படியிலேயே உட்கார்ந்திருந்த வேலாயியிடம் வந்தார் பொறியாளர்.

"உனக்கு நெஞ்சழுத்தம்தான். எழுந்து வா," என்றார்.

"உங்களுக்கு முன்னாடியே ஓடியிருப்பேன்யா," என்றாள் வேலாயி. "பயத்துல காலு வரல."