யார் பை இது?

கர்னல் ஞானதிரவியம் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். இப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருடைய நெறியாளர் பேராசிரியர் உமையாளுக்கு நாற்பத்திரண்டு.

உமையாள் அறைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் கர்னல் விறைப்பாக எழுந்து நிற்பார்.

"உக்காருங்க சார். நான் என்ன ஜெனரலா?"

"குரு, மேடம். அதுக்கு மேல ரேங்க் கிடையாது."

உமையாள் சிரிப்பார். ஐந்து வருடமாக இதே பேச்சுதான். இருவருக்கும் அது அலுக்கவில்லை.

கர்னலின் ஆய்வு பயங்கரவாதத்தைப் பற்றியது. அறிவியல் அதை எப்படிப் பார்க்கிறது என்று ஒரு பகுதி எழுதியிருந்தார். வெடிமருந்தின் வேதியியல், மூளையில் அச்சம் பிறக்கும் இடம், ஒரு கும்பலில் ஆட்கள் எப்படிச் சேருகிறார்கள் என்ற கணக்கு எல்லாம் அதில் இருந்தன. இலக்கியம் பற்றி ஒரு பகுதி. அதற்காக நாற்பது நாவல்கள் படித்தார். குண்டு வைத்தவனே தன் கதையைச் சொல்லும் நாவல்களை இரண்டு முறை படித்தார். மூன்றாவது பகுதி போர் உத்தி. அதற்கு அவர் புத்தகம் தேட வேண்டியிருக்கவில்லை.

அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம் முடிந்துவிட்டது. முதல் இயல் மட்டும் பாக்கி.

ஆடி மாதத்துக் காலையொன்றில் மொத்தத்தையும் கொண்டுவந்து உமையாளின் மேஜைமேல் வைத்தார்.

"மேடம், நூத்திப் பதினேழு வரையறை சேத்துட்டேன். விஞ்ஞானி அதை ஒரு விளைவுங்கறார். எழுத்தாளர் காயம்ங்கறார். நாங்க அதை ஒரு உத்திங்கறோம். மூணையும் ஒரே வாக்கியத்துல கொண்டுவர முடியல. நீங்களே சொல்லுங்க. பயங்கரவாதம்னா என்ன?"

உமையாள் பக்கங்களைப் புரட்டவில்லை. கர்னலின் முகத்தைப் பார்த்தார்.

பதினோரு வருடங்களுக்கு முன்பு, மலைப்பாதைச் சோதனைச் சாவடி ஒன்றில், ஹவில்தார் பிச்சையா ஒரு துணிப்பையைச் சோதிக்கக் குனிந்தார். கர்னல் நாற்பதடி தள்ளி நின்றிருந்தார். சோதிக்கச் சொன்னதும் அவர்தான். பிச்சையாவின் மனைவிக்குக் கடிதம் எழுதியதும் அவர்தான். ஐந்து வருடத்தில் ஒரே ஒரு தடவை இதை உமையாளிடம் சொல்லியிருக்கிறார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"நாளைக்குப் பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க சார். இதையும் ஒரு பையில போட்டுக் கொண்டாங்க" என்றார் உமையாள்.

ஏன் என்று கர்னல் கேட்கவில்லை. அது அவருடைய பழக்கம்.

மறுநாள் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அவர் பேருந்து நிலையத்தில் நின்றார். உமையாள் அவரை லக்கேஜ் ரூமுக்கு அழைத்துப் போனார். கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் அறுபது வயது மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இடது காது இருக்கவேண்டிய இடத்தில் மடிந்த தோல்தான் இருந்தது. கழுத்து வரை ஒரு தழும்பு ஓடியது.

"காஜா பாய்!" உமையாள் அவருடைய வலது பக்கம் போய் உரக்கக் கூப்பிட்டார்.

"வாம்மா, வா! எளச்சுப் போயிட்டியே. பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தி நடத்தி சாப்பாட்டை மறந்துடறியா?"

"எல்லாம் சாப்பிடறேன் பாய். இவர் என் மாணவர்."

காஜா பாய் கர்னலின் நரைத்த மீசையைப் பார்த்தார். உமையாளைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கர்னலும் சிரித்துவிட்டார்.

"பையைத் தொறந்து காட்டுங்க சார். தப்பா நெனைக்காதீங்க, எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்."

கர்னல் திறந்து காட்டினார்.

"ஒரே காகிதமா இருக்கு. என்ன எழுதியிருக்கீங்க?"

"பயங்கரவாதத்தைப் பத்தி."

"இவ்வளவா?"

காஜா பாய் பையை வாங்கி மேல் தட்டில் வைத்து டோக்கன் கொடுத்தார். பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு அவர் இதே நிலையத்தில் தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்து பெஞ்சுக்கு அடியில் யாரோ விட்டுப்போன பை வெடித்தது. ஏழு பேர் இறந்தார்கள். எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்தவர் இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். உமையாள் இதைச் சொல்லச் சொல்லக் கர்னல் அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இல்லாம இருக்குமா சார்? ஒவ்வொரு பையைத் தொடும்போதும் குண்டு இருக்குமோன்னு தோணும். ஆனா தொறந்து பாத்தா துணிதான் இருக்கு. பதினெட்டு வருஷமா துணிதான்."

"வேற வேலை பாத்திருக்கலாமே."

"வீட்ல உக்காந்திருந்தா அந்த ஒரு பைதான் சார் ஞாபகத்துல இருக்கும்."

கர்னல் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் நான்காம் நடைமேடையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"யார் பை இது? யாருங்க இந்தப் பையை வச்சது?"

பெஞ்சுமேல் ஒரு நீல நிறப் பை இருந்தது. யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண் இன்னொரு தடவை கேட்டாள். அடுத்த கணம் ஜனம் ஓடத் தொடங்கியது. ஒரு செருப்பு, ஒரு பூக்கூடை, ஒரு தண்ணீர்ப் பாட்டில் நடைமேடையில் கிடந்தன.

காஜா பாய் விசிலை எடுத்து ஊதினார். போலீஸ் அவுட்போஸ்ட்டுக்கு போன் செய்தார்.  

கர்னலின் முதுகு தானாக நிமிர்ந்தது. நடுவில் போய் நின்றார். "எல்லாரும் பின்னால போங்க! ஓடாதீங்க! குழந்தைங்களைத் தூக்கிக்குங்க! டிரைவர், வண்டியை எடுங்க!" இருபத்தெட்டு வருடம் ஆணையிட்ட குரல். இரண்டு நிமிடத்தில் நடைமேடை காலியானது.

அப்போது மருந்துக்கடைப் பக்கமிருந்து ஒருவன் ஓடிவந்தான். முப்பது வயது இருக்கும். கையில் மாத்திரை அட்டை. ஹிந்தியில் ஏதோ கத்திக்கொண்டே நேராகப் பையை நோக்கி ஓடினான்.

"அவன்தான்! புடிங்கடா அவனை!"

பின்னால் போன கூட்டம் திரும்பியது. ஒருவன் இடுப்பு பெல்ட்டை உருவினான்.

கர்னல் ஹிந்தியில் முழங்கினார். "நில்! கையைத் தூக்கு! முட்டி போடு!"

ஓடிவந்தவன் யார் கூப்பிட்டது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாத்திரை அட்டை கீழே விழுந்தது. முட்டி போட்டான். இரண்டு கைகளையும் பிடரியில் கோத்து நெற்றியைச் சிமெண்டில் வைத்தான். கை எங்கே இருக்கவேண்டும், தலை எவ்வளவு தாழவேண்டும் என்று அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது.

யாரோ ஓடிவந்து அவன் முதுகில் உதைத்தார்கள்.

காஜா பாய் லக்கேஜ் ரூமிலிருந்து வெளியே வந்தார். பைக்கும் அவனுக்கும் நடுவே இருபதடிதான் இருந்தது. பெல்ட் வைத்திருந்தவன் "பாய், கிட்டப் போகாதீங்க" என்றான். அது அவருடைய கேளாத காதுப் பக்கம். அவர் போய் முட்டி போட்டிருந்தவனின் தோளைப் பிடித்து எழுப்பி, கூட்டத்தையும் பையையும் விட்டு விலக்கி, கடைசித் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கையைப் போட்டுக்கொண்டார். அதன்பிறகு அவனை யாரும் தொடவில்லை.

இருபத்தைந்து நிமிடம் கழித்து மோப்ப நாய் வந்தது. பையைச் சுற்றி முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனது. போலீஸ்காரர் பையைத் திறந்தார். இரண்டு சேலை, ஒரு எக்ஸ்ரே படம், ஒரு பால்புட்டி, கைக்குழந்தைக்குப் போடும் குல்லா.

அவன் பெயர் சுக்ராம். ஊருக்கு வெளியே இருக்கும் நூற்பாலையில் வேலை. மனைவி பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவமாகி மூன்றாம் நாள். அவள் கேட்ட மாத்திரையை வாங்க ஓடியவன், பையை வைத்துவிட்டுப் போனால் பெஞ்சில் இடம் போகாது என்று நினைத்திருக்கிறான்.

அரைகுறை ஹிந்தியில் விசாரித்த போலீஸ்காரர் பேர், விலாசம் எழுதிக்கொண்டு அவனை விட்டுவிட்டுப் போனார். ஜனங்கள் திரும்பி வந்தார்கள். பெல்ட்டை உருவியவன் அதைத் திரும்ப இடுப்பில் மாட்டிக்கொண்டு, திருச்சி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தான். பூக்காரம்மா சிதறிய பூவைப் பொறுக்கினாள்.

காஜா பாய் சுக்ராமுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.  "குடிப்பா, குடி. ஒண்ணுமில்ல. ஆம்பளையா, பொம்பளையா, என்ன குழந்தை?" என்று தமிழில் கேட்டுக்கொண்டே இருந்தார். சுக்ராமுக்குப் புரியவில்லை. அவன் கண் கர்னல் மேலேயே இருந்தது. கர்னல் கையை அசைத்தபோதெல்லாம் அவன் தோள் குறுகியது.

கர்னல் அதைப் பார்த்தார். வந்து உமையாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உமையாள் சொல்லாமலே அவர் உட்கார்ந்தது இன்றைக்குத்தான்.

"மேடம், நான் செஞ்சதுல தப்பு இருக்கா?"

"இல்ல சார். நீங்க நிறுத்தலன்னா பை கிட்டப் போயிருப்பார். இல்ல, கூட்டம் அடிச்சுப் போட்டிருக்கும்."

"ஆனா அவன் என் குரலுக்குத்தான் விழுந்தான்."

"ஆமா."

"அப்படி விழணும்னு யாரோ அவனுக்கு முன்னாடியே கத்துக் கொடுத்திருக்காங்க."

உமையாள் சுக்ராம் பக்கம் பார்த்தார்.

"பிச்சையாவைக் கொன்னவன் முகம் எப்படி இருக்கும்னுதான் மேடம் பதினோரு வருஷமா தேடறேன். லேபரட்டரியில தேடினேன். நாவல்ல தேடினேன். இன்னிக்கு அந்தப் பையன் என் முகத்தைப் பாத்துட்டு இருக்கான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். உமையாள் தன் கைக்குட்டையை எடுத்து அவர் கையில் வைத்தார்.



"இதை எப்படி எழுதறது மேடம்? எந்தப் பகுதியில வரும் இது? அறிவியல்லயா, இலக்கியத்துலயா, இல்ல என்னுடையதுலயா?"

உமையாள் நான்காம் நடைமேடையைப் பார்த்தார். கண்டக்டர் படியில் நின்று ஆஸ்பத்திரி ஊரின் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார். சுக்ராம் நீலப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"எழுதறதை அப்புறம் பாத்துக்கலாம் சார். அவர் பஸ் கிளம்பப் போகுது. பிறந்தது பையனா பொண்ணான்னு பாய் அப்பத்துலேந்து கேட்டுட்டே இருக்கார். இங்க உங்களுக்குத்தான் ஹிந்தி தெரியும்."