வீட்டில் கணக்கு வராத டீச்சர்

வயிறு வலிக்கச் சிரிக்க ஒரு விஷயம் இருக்கிறது. அது பூங்கோதையிடம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அதை யாருக்கும் காட்டுவதில்லை என்று இருந்தாள். ஆகவே கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும்.

மலையடிவாரத்து மடத்தில் அவள் சிஷ்யையாகச் சேர்ந்து ஒரு வருஷம். படித்த பாடம் எவ்வளவோ தெரியாது, பிடித்த குரல்கள் ஏராளம். பால்காரர் குரலில் வாசலில் நின்று "பாலேய்!" என்பாள். சமையல்கார வேலாயுதம் அண்ணாச்சி செம்போடு ஓடிவருவார். வாசலில் பாலும் இருக்காது, ஆளும் இருக்காது. பிறகு அண்ணாச்சி குரலில் "இலை போட்டாச்சு!" என்பாள். மடமே கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்துவிடும். உலையில் அரிசி அப்போதுதான் விழுந்திருக்கும்.

குருவின் இருமல்கூட அவளிடம் உண்டு. குருவே சில நாள் இருமிவிட்டு, "இது நானா, நீயா?" என்று கேட்பார்.

அன்று காலை கீழூர்த் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை வந்து போயிருந்தார். அந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுத்த சூடாமணி டீச்சர் இறந்து சில மாதமாகிறது. வெள்ளிக்கிழமை நினைவுக் கூட்டம். மகள் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும். மகள் என்றால் பூங்கோதைதான்.

"போறியா?" என்றார் குரு.

"போறேன் சாமி. அம்மா குரல்லயே பேசப் போறேன்."

"செய் பார்ப்போம்."

"ரெண்டு குரல் இருக்கு சாமி அவங்களுக்கு. ஒண்ணு ஊருக்கே தெரியும்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். முகம் மாறியது. "எதுக்குல அழுதே ராசா? பென்சில் முறிஞ்சா என்ன, கையா முறிஞ்சு போச்சு? இந்தா, டீச்சர் பென்சில்ல எழுது. நாளைக்கும் இதுலயே எழுது."

அடுப்படி வாசலில் நின்ற அண்ணாச்சி தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அவர் மகன் சூடாமணி டீச்சரிடம் படித்தவன்.

"அப்படியே டீச்சரேதான்," என்றார். "எம் பயலக் கூப்பிட நான் லேட்டாத்தான் போவேன். இருட்டினாலும் பள்ளிக்கூட வாசல்ல அவனோட நின்னுக்கிட்டு இருப்பாங்க."

"நானும்தான் நின்னேன் அண்ணாச்சி, பசியோட. யாரு பாத்தா?" என்றாள் பூங்கோதை.

"ரெண்டாவது குரல்?" என்றார் குரு.

"அது வெள்ளிக்கிழமைக்கு. எல்லாரும் மூக்கைச் சிந்தி முடிச்சதும் எடுத்து விடுவேன். பந்தலே அதிரும்."

"எனக்கு மட்டும் கொஞ்சம்."

கையில் சிரிப்பை வைத்துக்கொண்டு எத்தனை நேரம்தான் இருப்பாள்? தோளைத் தொங்கவிட்டாள். வாயை லேசாகத் திறந்து, கண்ணைச் சூனியத்தில் வைத்து, இழுத்தாள்:

"ஏட்டி கோதை... ஏழும் அஞ்சும் எத்தன? பதினொண்ணா?"

யாரும் சிரிக்கவில்லை.

"யாரு இது?" என்றார் அண்ணாச்சி.

"எங்கம்மா. வீட்டுல."

"சும்மா இரு பிள்ள. டீச்சருக்கா கணக்கு வராது?"

"வராது அண்ணாச்சி! உங்களுக்கு எங்க தெரியும்? பள்ளிக்கூடத்துல அவங்க புலி. நானும் அவங்க கிளாஸ்தான். அங்க அவங்கள அம்மான்னு கூப்பிடக் கூடாது, டீச்சர்னுதான் கூப்பிடணும். வேற பிள்ளைங்க வாய் தவறி அம்மான்னு கூப்பிட்டா, 'என்னல கண்ணு'ம்பாங்க. நான் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. சரி, வீட்டுக்கு வந்தாவது? புடவையெல்லாம் சாக்பீஸ் பொடியோட வந்து, தரையில சம்மணம் போட்டு உக்காருவாங்க. 'கோதை, ஏழும் அஞ்சும் எத்தன?' நான் சொல்லிக் குடுப்பேன். புளியங்கொட்டைய வரிசையா வச்சு விளக்குவேன். எல்லாம் கேட்டுட்டு, பதினொண்ணும்பாங்க. மறுநாளும் அதே கேள்வி."

"நீ என்ன செய்வ?" என்றார் குரு.

"திட்டுவேன். மண்டையில என்ன இருக்கு, களிமண்ணான்னு கேப்பேன். ஆமா டீச்சர்ம்பாங்க, என்னையப் பாத்து! ஒருநாள் சலிச்சுப் போய், 'போம்மா, ஒனக்கு வரவே வராது'ன்னு கொட்டையத் தள்ளிவிட்டுட்டு விளையாடப் போயிட்டேன். அதுக்கப்புறம் கேக்கவே இல்ல."

அவள் குரலில் இப்போது யாருடைய குரலும் இல்லை.

"ஒண்ணு கேக்கணும் சாமி. அறிவு, பொறுமை, கொஞ்சல் எல்லாத்தையும் அந்தப் பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டு, காலி மண்டையோடதான் வீட்டுக்கு வந்தாங்க. எனக்குன்னு என்ன வச்சிருந்தாங்க? அதை ஊர் தெரிஞ்சுக்கட்டுமேன்னுதான் வெள்ளிக்கிழமை அந்தக் குரல எடுக்கப் போறேன். செய்யலாமா, கூடாதா?"

குரு யோசித்தார். பிறகு, "எனக்குக் காக்கா மாதிரி கத்த வரமாட்டேங்குது," என்றார்.

"என்ன?"

"காக்கா. சொல்லிக் குடேன்."

பூங்கோதை அவரை மேலும் கீழும் பார்த்தாள். கேள்விக்கும் காக்காய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் இவர் இன்னொரு காக்காய் விடுவார். அது அவளுக்குத் தெரியும்.

"சரி, கத்துங்க."

குரு தரையில் சம்மணம் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். கழுத்தை நீட்டினார்.

"ம்மே."

"சாமி, அது ஆடு."

"ஓ."

"நாக்க மடக்காதீங்க. அடித்தொண்டையில இருந்து வரணும். கோவம் இருக்கக் கூடாது, கொஞ்சம் அதிகாரம் இருக்கணும். 'எங்கடா என் சோறு'ன்னு கேக்கிற மாதிரி. கா!"

"க்வா."

"இது தவளை."

"க்கீ."

"கதவுக்கு எண்ணெய் விடணும் போல," என்றாள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் சொல்லிக்கொடுக்கிற வேலை ஒருமாதிரி ஆளை உள்ளே இழுத்துவிடும். கொஞ்ச நேரத்தில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். தன் தொண்டையில் கை வைத்து, எங்கே அதிர வேண்டும் என்று காட்டினாள். ஒரு சத்தத்தை மூன்றாக உடைத்து ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். குரு நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு மறுபடியும் ஆடாக மாறினார்.

"மண்டையில என்ன சாமி இருக்கு?"

"தெரியலையே."

"பரவாயில்ல. இன்னொரு தடவை. பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல?"

வெயில் ஏறியது. முற்றத்து நிழல் சுருங்கியது. குரு ஒரு தடவை காகத்துக்குப் பக்கத்தில் வந்தார். பூங்கோதை துள்ளிக் கைதட்டினாள். "அதேதான்! விட்டுராதீங்க, பிடிச்சுக்கோங்க!" குரு உடனே விட்டுவிட்டார்.

அண்ணாச்சி காக்காய்க்கு வைக்கிற சோற்றுருண்டையோடு வந்தார். மதில்மேல் அதை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"பிள்ள, காக்காயக் கூப்பிடு. அதுங்க சாப்பிட்டாத்தான நாம சாப்பிட முடியும்?"

"இருங்க அண்ணாச்சி. சாமிக்குப் பாடம் நடக்குது. காக்காச் சத்தம் இன்னும் பிடிபடல."

அண்ணாச்சி குருவைப் பார்த்தார். பூங்கோதையைப் பார்த்தார்.

"சாமிக்கா? நீ மடத்துக்கு வர்றதுக்கு முந்தி யாரு கூப்பிட்டான்னு நெனச்ச?"

குரு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். முற்றத்தில் நின்று வாயின் ஓரத்தில் கையை வைத்தார்.

அது காகமேதான். சோற்றைக் கண்ட ஒரு காகம் ஊரைக் கூப்பிடுகிற குரல். அதில் அதிகாரம் இருந்தது, அவசரம் இருந்தது, கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பூங்கோதைக்கு இந்த ஜென்மத்தில் வராத காகம் அது. புளியமரம் முழுக்கக் கறுப்பாக எழும்பி வந்து மதில்மேல் இறங்கியது.

"சாமி! உங்களுக்கு வரும்!"

"ம்."

"காலையில இருந்து வேணும்னே தப்பாக் கத்தினீங்க!"

"ம்."

"எதுக்கு?"

"நீ சொல்லிக் குடுக்கையில முகம் நல்லா இருந்துச்சு. எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன்."

இன்னும் பலமாகச் சண்டை போட அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

காகங்கள் சோற்றுக்கு அடித்துக்கொண்டன. அண்ணாச்சி சத்தம் போடாமல் அடுப்படிக்குள் போய்விட்டார்.

"சாமி," என்றாள் மெதுவாக. "ஏழும் அஞ்சும் ரெண்டாங் கிளாஸ் கணக்கு."

குரு தலையாட்டினார்.

"நாளெல்லாம் அதைத்தான பிள்ளைங்களுக்கு நடத்துவாங்க. வீட்டுக்கு வர்றதுக்குள்ள எப்படி மறக்கும்?"

குரு மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கள்ளி!" என்றாள் பூங்கோதை.

பிறகு சிரித்தாள். முதலில் மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு. அப்புறம் அது அடக்க முடியாமல் வந்தது. மூச்சு வாங்கி, தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் கொட்டுகிற நீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் சிரித்தாள்.

"ஊரையே ஏமாத்துற என்னைய ஏமாத்திட்டாங்க சாமி! எத்தன வருஷம்! 'ஆமா டீச்சர்'னு தலையாட்டுறப்போகூட வாய் ஓரம் அசையல. ஒரே ஒரு தடவை சிரிச்சிருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன். ஏன் சாமி, ஒரு தடவைகூட அவங்க சிரிக்கல?"

"சிரிச்சிருந்தா நீ எந்திரிச்சுப் போயிருப்ப," என்றார் குரு.