களிமண் வைக்காத ஏழடுக்கு

தூக்கணாங்குருவி தன் கூட்டில் வெளிச்சத்துக்காக மின்மினிப் பூச்சியை ஒட்டி வைக்கும் என்று படித்தவர்களும் சொல்கிறார்கள், படிக்காதவர்களும் சொல்கிறார்கள். இது மாபெரும் பிழை. உடனே திருத்தியாக வேண்டும். பொழுது சாய்ந்ததும் தூங்கிவிடும் குருவிக்கு விளக்கு எதற்கு? அது கூட்டில் அப்புவது ஈரக் களிமண். காற்றில் கூடு பறந்துவிடாமல் இருக்க அந்தக் கனம் வேண்டும். மின்மினியை ஒட்டியது ஒரே ஓர் ஊரில், ஒரே ஒரு முறைதான்.

அந்த ஊர் ஓர் ஆற்றங்கரை. ஆறுதான் எல்லை. இக்கரைப் பறவைகளுக்குத் தலைவர் ஓர் அண்டங்காக்கை. அக்கரைக்கு வேறு தலைவர்.

ஒரு நாள் அக்கரை ஈச்சமரத்தில் ஐந்து கூடுகள் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கின. அதைப் பார்த்த காக்கையாருக்கு இரை இறங்கவில்லை. சபையைக் கூட்டினார்.

"அவர்களுக்கு ஐந்தா? நமக்கு ஏழு!"

"ஏழு! ஏழு!" என்று மைனாக்கள் கத்தின. மைனாக்கள் எதற்கும் கத்தும்.

"நம் கரைப் பனையின் ஒரே ஓலை ஏழு கூட்டைத் தாங்குமா, தலைவரே?" என்றான் சடையன். கூடு பின்னுவதில் கெட்டிக்காரனான ஆண் தூக்கணாங்குருவி.

"களிமண்ணை விட்டுவிடு, கனம் குறையும். அந்த இடத்தில் வேலம்பிசின் தடவி மின்மினிகளை ஒட்டு. அக்கரைக்காரன் கண் கூசட்டும்!"

மின்மினிகளை யாரும் கேட்கவில்லை.

கூடு கட்டுவது ஆண். பார்த்துச் சரி சொல்வது பெண். அதுதான் தூக்கணாங்குருவிகளின் வழக்கம். வேலை முடிந்த அந்தியில் பூவாயி வந்தாள். மழைக்கு முன் அவள் முட்டையிட்டாக வேண்டும்.

"அம்மாடி!" என்றாள்.

மற்ற மாடிகள் தரையில் தொடங்கி வானத்துக்குப் போகும். இது வானத்தில் தொடங்கித் தண்ணீருக்கு இறங்கியிருந்தது. அடுக்கடுக்காக மின்மினிகள் பச்சையாக மூச்சுவிட்டன. ஆற்றுக்குள் இன்னோர் ஏழடுக்கு தலைகீழாக எரிந்தது. மீன்கள்கூட நீந்தாமல் நின்றன. பூவாயி சிறகை மடிக்க மறந்துபோனாள்.

"வா அம்மணி! கடைசி வீடு உனக்குத்தான். வாசலிலேயே ஆறு!" என்றான் சடையன்.

பூவாயி உள்ளே போய்ச் சுவரைக் கொத்திப் பார்த்தாள்.

"ஏன்யா, மண் எங்கே?"

"மண்ணா? அது பழைய பாணி."

"காற்று மட்டும் புதுப் பாணியில் வீசுமா?"

சடையன் தலையைத் தொங்கப்போட்டான். "தலைவர் உத்தரவு."

"தலைவரா முட்டையிடப் போகிறார்?"

"முட்டை விஷயத்தில் எனக்கும் அக்கறை உண்டம்மா!" என்று மேலிருந்து குரல் கொடுத்தார் காக்கையார். அது என்ன அக்கறை என்பது எல்லாக் குருவிகளுக்கும் தெரியும்.

பூவாயி இன்னொரு முறை அந்த வெளிச்சத்தை ஆசைதீரப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "தெவிட்டவே இல்லை, சடையா. ஆனால் பார்க்க வேறு இடம், படுக்க வேறு இடம். வேலமரத்தில் ஒரே ஒரு கூடு கட்டு. மண் அப்பு."

"ஊர் சிரிக்குமே!"

"சிரிக்கட்டும். முட்டைக்குக் காது கிடையாது."

சடையன் கட்டினான். "ஏழு மாடி கட்டின மகராசன் குடிசைக்கு மண் சுமக்கிறான் டோய்!" என்று மைனாக்கள் கேலி பேசின. ஏழடுக்கில் இன்னும் யாரும் குடியேறவில்லை. திறப்பு விழாவுக்குக் காக்கையார் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழாவுக்கு முந்தின மாலை காற்று வந்தது. வேலமரத்துக் கூடு ஒரு பக்கம் போயிற்று, மண்ணின் கனத்தில் திரும்பி வந்தது, மறுபடி போயிற்று, மறுபடி வந்தது. முட்டைகளை அணைத்தபடி பூவாயி வெளியே எட்டிப் பார்த்தாள்.

ஏழடுக்கு விழுந்தது என்று பிறகு பலர் சொன்னார்கள். அது சரியல்ல. அது எழுந்தது. ஆற்றின் மேல் கொடிபோலப் படுத்து நீண்டது. ஓலை முறிந்தது. ஒரு விளக்கும் அணையாமல், வரிசை கலையாமல், ஏழு வீடும் வானத்தில் மிதந்து எல்லையைக் கடந்தன. குளிரை மறந்து, பயத்தை மறந்து பூவாயி அலகு திறந்தபடி இருந்தாள். அப்படி ஓர் அழகை அந்த ஆறு அதற்கு முன் கண்டதில்லை. அக்கரை ஈச்சமரத்தில், அந்த ஐந்து கூடுகளுக்குக் கீழே, ஏழடுக்கு போய் மாட்டிக்கொண்டது. மழை வந்தது. பிசின் கரைந்து மின்மினிகள் வீடு போய்ச் சேர்ந்தன.

ஊர் மெச்சக் கட்டியதைக் கண்குளிரப் பார்க்கலாம்; குடியேறும் முன் அதை நிறுத்தி வைத்திருப்பது எது என்று கேட்டுவிட வேண்டும்.

மறுநாள் காலை, தங்கள் மரத்தில் பன்னிரண்டு அடுக்கு இருப்பதாக அக்கரைத் தலைவர் அறிவித்தார்.