போதும் என்று சொல்லாத மீன்

அந்தக் காலத்தில் மீனுக்கு நம்மைவிட வாய் அதிகம். ஆடு பேசியது, மாடு பேசியது, கோழியும் பேசியது. ஆனால் ஆட்டுக்கு எப்போதும் தீனிப் பேச்சு, கோழிக்கு எப்போதும் புலம்பல். பக்கத்தில் உட்கார்ந்து ஆசையாகக் கேட்கும்படி பேசியது மீன் மட்டும்தான். அதனால் வீட்டுக்கு வீடு முற்றத்தில் ஒரு கல்தொட்டி இருந்தது, தொட்டியில் மீன்கள் இருந்தன. தின்பதற்காக அவற்றை யாரும் வளர்க்கவில்லை. உலை பொங்கினால் மீன் குரல் கொடுக்கும். தூளியில் பிள்ளை சிணுங்கினால் தாலாட்டும். புருஷன் பெண்டாட்டி சண்டையென்றால் இரண்டு பேருக்கும் சேர்த்துத் திட்டு விழும்.

பெண் புகுந்த வீட்டுக்குப் போகும்போது தாய்வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு மீனைக் குடத்தில் கொண்டுபோக வேண்டும் என்பது அன்றைய வழக்கம். வாசற்படி தாண்டியதும், விளக்கு ஏற்றுவதற்கு முன்பே, குடத்து மீனைத் தண்ணீரோடு புகுந்த வீட்டுத் தொட்டியில் விட்டுவிட வேண்டும். இரண்டு தண்ணீரும் கலந்தால்தான் கல்யாணம் முடிந்ததாகக் கணக்கு. கொஞ்சம் பொறுத்து விடலாமே என்று எந்தப் பெண்ணும் சொன்னதில்லை. சொன்னால், என்ன சங்கதி என்று கேட்பார்கள்.

மாடத்தி உப்பளத்து ஊர்க்காரி. தாயில்லாமல் வளர்ந்தவள். சின்ன வயதில் பயந்து விழித்துக்கொண்டு தாயைத் தேடும்போதெல்லாம் முற்றத்திலிருந்து, “இங்கனதான் இருக்கேன், கண்ண மூடுட்டி” என்று சொன்னது வெள்ளைச்சி என்ற கெண்டை மீன். மாடத்தி கல்யாணமாகிப் போகும்போது குடத்தில் ஏறியதும் அந்த வெள்ளைச்சிதான். அவளைத் தவிர வேறு மீனை மாடத்தி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

புகுந்த ஊர் தூரம். வழியில் வெயிலில் குடத்துத் தண்ணீர் சுட ஆரம்பித்தது. வண்டியை நிறுத்தி, எருமைகள் கிடந்த ஒரு குட்டையில் தண்ணீர் மாற்றினார்கள். வண்டி மறுபடி புறப்பட்டு வெகுதூரம் போவதற்குள் வெள்ளைச்சி குடத்தின் உட்புறத்தில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

“ஏட்டி மாடத்தி, என்னமோ ஒட்டிக்கிட்டு கடிக்குது. தாங்க முடியல.”

மாடத்தி குனிந்து பார்த்தாள். செதிலோடு செதிலாக, உளுந்தந்தோல் மாதிரி ஒன்று அப்பியிருந்தது. மீன் பேன். அவளுக்கு அது புதிதல்ல. அவள் ஊரில் இதற்கு வைத்தியம் உண்டு. கரிப்பு ஏறும்வரை உப்பைக் கரைத்த தண்ணீரில் மீனை விடுவார்கள். பேன் பிடி தளரும். மீன் ‘போதும்’ என்று சொன்ன நொடியே தூக்கி நல்ல தண்ணீரில் போட்டுவிட வேண்டும். அதற்கு மேல் வைத்திருந்தால் பேனோடு மீனும் போய்விடும்.

“என்னை இப்பிடியே அந்தத் தொட்டியில விட்டுராத. தனிச் சட்டியில வை. உப்புத் தண்ணி காட்டிட்டு அப்புறமா விடு” என்றாள் வெள்ளைச்சி.

“வந்த அன்னைக்கே சீக்கு மீனைத் தூக்கிட்டு வந்திருக்கான்னு சொல்லுவாங்கட்டி. எங்கய்யா எல்லார் முன்னாலயும் தலைகுனிஞ்சு நிக்கணும்.”

“அங்க இருக்கிற மீனுக்கும் தொத்திக்கிடுமே?”

“ஒண்ணும் ஆகாது. ரெண்டு நாள்ல நானே பக்குவமா பாத்துக்கிடுதேன். நீ வாயத் திறந்துராத. நான் சொல்லுத வரைக்கும் யாரு என்ன கேட்டாலும் பேசக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு.”

வெள்ளைச்சி சத்தியம் செய்தாள். மனிதர்கள் சத்தியம் செய்வது காரியம் ஆகும்வரைதான். மீனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதை மாடத்தி யோசித்திருக்க வேண்டும். எங்கே யோசிப்பது, அதற்குள் ஊர் எல்லையில் மேளம் கேட்டுவிட்டது.

அவள் மாமியார் இசக்கியம்மாளுக்கு வேலாண்டி ஒரே மகன். அவனுக்கு அடுத்தபடியாகத் தொட்டி மீன்கள்தான் அவளுக்குப் பிள்ளைகள். வெள்ளைச்சியைத் தொட்டியில் விட்டதும் எல்லா மீன்களும் சூழ்ந்துகொண்டன. வேலாண்டியைத் தாலாட்டி வளர்த்த பெரிய விரால் முன்னால் வந்து, “வா தாயி, எந்த ஊருத் தண்ணி நீ?” என்று கேட்டது. வெள்ளைச்சி ஒரு மூலைக்குப் போய் நின்றுகொண்டாள்.

“ஊமை மீனையா குடுத்து விட்டிருக்காக?” என்றாள் இசக்கி.

“கூச்சம் அத்தை. போகப் போகப் பேசும்” என்றாள் மாடத்தி. கூட வந்திருந்த தன் அய்யா பக்கம் அவள் திரும்பவே இல்லை.

பக்குவமாகப் பார்த்துக்கொள்வது அவ்வளவு சுலபமாக இல்லை. புதுப்பெண்ணைச் சுற்றி எப்போதும் ஆள். தொட்டிப் பக்கம் போனால் இசக்கியும் கூடவே வந்தாள். இன்று பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டதில் மீன்கள் கல்லில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தன. செதில்கள் உதிர்ந்து மிதந்தன. உதிர்ந்த இடத்தில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. முற்றத்தில் பேச்சு குறைந்தது. இசக்கி மஞ்சளைக் கரைத்து ஊற்றினாள், வேப்பிலை போட்டாள், தண்ணீரை மாற்றினாள். எதுவும் பலிக்கவில்லை. எங்கேயிருந்து வந்தது என்று மீன்கள் வெள்ளைச்சியிடம் கேட்டுப் பார்த்தன. அவள் உடம்பும் புண்ணாகிக் கிடந்தது. ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை.

மாடத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் முற்றத்தைத் தாண்டினாள். வைத்தியத்தைச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். தெரிந்தா தொட்டியில் விட்டாய் என்ற கேள்வியும் பின்னாலேயே வரும்.

ஒரு நாள் காலையில் விரால் செத்து மிதந்தது. இசக்கி அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. முந்தானையால் அதன் உடம்பை ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் மாடத்திக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. குட்டைத் தண்ணீரில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

இசக்கி விராலை மடியிலிருந்து தரையில் இறக்கி வைத்தாள்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு சட்டி தந்திருக்க மாட்டனா பிள்ளே?” என்றாள். பிறகு எழுந்து போய் அடுக்களையிலிருந்து உப்புப்பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அக்கம்பக்கத்து வீடுகளிலும் உப்பு வாங்கினார்கள்.

அண்டாவில் தண்ணீர் நிரப்பி மாடத்தி உப்பைக் கரைத்தாள். கரித்ததா என்று நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு மீனாக அதில் விட்டாள். ஒன்று சட்டென்று ‘போதும்’ என்றது. இன்னொன்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு ‘போதும்மா’ என்றது. சொன்னதும் தூக்கி, பிடி தளர்ந்த பேன்களை நகத்தால் எடுத்துப் போட்டுவிட்டு நல்ல தண்ணீரில் விட்டாள். வேலாண்டி தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவிட்டான். மீன்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வாலை ஆட்டின.

வெள்ளைச்சியைக் கடைசிக்கு வைத்திருந்தாள். மற்ற மீன்களுக்குப் பார்க்காமல் தன் மீனுக்கு முதலில் வைத்தியம் பார்த்தாள் என்ற பேரும் வேண்டாமே என்று.

“இந்தா முடிஞ்சிரும்ட்டி” என்று சொல்லி அவளை அண்டாவில் விட்டாள். அந்த நேரம் பார்த்து வேலாண்டி பின்னாலிருந்து கேட்டான்: “என்னைத் தாலாட்டுன விரால் அது. உன் மானம் அவ்வளவு பெருசாப் போச்சா?”

மாடத்தி திரும்பினாள். தாயில்லாப் பெண் என்று ஊர் பேசிய பேச்சு, அய்யா கல்யாணப் பந்தலில் கைகட்டி நின்ற கோலம், எல்லாவற்றையும் அழுதுகொண்டே அவனிடம் சொன்னாள். காது மட்டும் அண்டாவின் மேல் இருந்தது. போதும் என்ற குரல் வரவில்லை. உப்பளத்துக்காரி, மற்ற மீன்களைவிட அதிகம் தாங்குவாள் என்று நினைத்துக்கொண்டாள்.

“பிள்ளே, உன் மீனப் பாரு” என்றாள் இசக்கி.

வெள்ளைச்சி ஒருக்களித்துக் கிடந்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் இல்லை.

அப்போதுதான் மாடத்திக்குச் சத்தியம் நினைவு வந்தது. மாமியாரிடம் சொல்லியாயிற்று, புருஷனிடம் சொல்லியாயிற்று. இனிப் பேசலாம் என்று வெள்ளைச்சியிடம் சொல்லவே இல்லை.

“பேசுட்டி. பேசலாம்ட்டி. நான் சொல்லுதேன், பேசு” என்று அள்ளி எடுத்து நல்ல தண்ணீரில் விட்டாள். வெள்ளைச்சி அவளைப் பார்த்தபடி இன்னொரு முறை வாயைத் திறந்தாள். மூடவில்லை.

என்ன நடந்தது என்று தொட்டி மீன்கள் கேட்டன. மாடத்தி மறைக்காமல் சொன்னாள். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? மீன்கள் செத்துக் கிடந்த வெள்ளைச்சியைச் சுற்றி வந்தன. கடைசியில் ஒரு சின்னக் கெண்டை, “அவளுக்கு இல்லாத பேச்சு நமக்கு எதுக்கு?” என்றது. மீன் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். தொட்டித் தண்ணீர் வாய்க்காலுக்குப் போனது, வாய்க்கால் ஆற்றுக்கும் ஆறு கடலுக்கும் போயின. அந்தச் செய்தியும் கூடவே போனது.

இசக்கி மருமகளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் பிறகு மாடத்திக்குப் பிறந்த பிள்ளை அழுதால் தாலாட்ட அந்த வீட்டு முற்றத்தில் யாரும் இல்லை. மாடத்தி தூளிக்கும் தொட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்ததைப் பாடிக்கொண்டிருந்தாள்.

அன்று முதல்தான் மீன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, ஒரு சொல்லும் வருவதில்லை. அன்று முதல்தான் புதிதாக வந்த மீனை உடனே தொட்டியில் விடாமல் தனிச் சட்டியில் வைக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் மீனை விட்டவர் யார் கூப்பிட்டாலும் திரும்பாமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதும் அன்று முதல்தான். போதும் என்பதை அது சொல்லாது, நாம்தான் பார்க்க வேண்டும்.